வேப்பிலை இல்லாத வாசல்

1

இன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அம்மை குத்தினார்கள். மலாயாவின் ஈப்போவில் இது ஒரு செய்தியே அல்ல. காலையில் சுகாதார இலாகா ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், வராந்தாவில் மேசை போட்டார்கள், பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இடைவேளை மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எந்தத் தாயும் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றவில்லை. மருந்து காயும்வரை கையை மடக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் கோழிக்குஞ்சு இறக்கையை விரிப்பதுபோல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினார்கள்.

நான் இங்கே தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. குத்தும்போது சின்னப் பிள்ளைகள் கையை இழுக்காமல் பிடித்துக்கொள்வது என் வேலை. நாலைந்து பிள்ளைகளுக்குப் பிறகு, பிடித்திருந்த கையை விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டேன். தலைமையாசிரியர், "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, போய் உட்காருங்கள்" என்றார். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

போன வருஷம் இதே சித்திரையில்தான், கரையான்சாவடியில், என் மகள் சரசுவுக்கு அம்மை போட்டது. கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவள். பதினாறு வயது. உயிர் தங்கியது. கண்கள் இரண்டும் போய்விட்டன.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், கடல் கடந்து வாழும் அனுபவத்தை ஊர்க்காரர்களுக்காக எழுதித் தாருங்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறார். ஈயச் சுரங்கத்தைப் பற்றியும், சீனர்களின் கடைத்தெருவைப் பற்றியும் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். இன்று பேனாவை எடுத்தால் வேறு எதுவும் வரவில்லை. இதைத்தான் எழுத முடிகிறது. மன்னியுங்கள்.

2

நான் பிறந்தது பூந்தமல்லி. வாழ்க்கைப்பட்டது அதை ஒட்டிய கரையான்சாவடி. இரண்டு பக்கமும் பயிர் வைக்கிற குடும்பங்கள்தான். என்னை மட்டும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்து, உபாத்திமைப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். என் கணவருக்கு மலாய் ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது நானும் கப்பல் ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கொத்து என்ன செய்தது என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். அதைக் கண்டால் வண்ணான் வெளுப்புக்கு வரமாட்டான். மோர்க்காரி தெருவிலேயே நின்று குரல் கொடுப்பாள். விருந்தாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கொத்தை எடுத்த பிறகுதான் அந்த வீட்டுக்குள் வெளி ஆள் கால் வைப்பது. ஆத்தா வந்திருக்கும் வீட்டைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்பார்கள். காரணம் எதுவானால் என்ன? நோய் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. எழுத்துத் தெரிவதற்கு முன்பே எங்களுக்கு அந்தக் கொத்தைப் படிக்கத் தெரியும்.

பிறகு காலம் மாறியது. படித்தவர்களின் மனம் முதலில் மாறியது. ஒரு காலத்தில் அம்மன் கோபம் என்று எழுதிய பத்திரிகைகளே அறியாமை என்று எழுதத் தொடங்கின. பட்டணத்தில் கூட்டங்கள் போட்டுப் பேசினார்கள். அம்மை குத்திக்கொள்ளாமல் ஒளிவதும், நோயை மறைப்பதும் குற்றம் என்று சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நோய் கண்டால் தகவல் சொல்ல வேண்டும், நோயாளியை ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும், மறைத்தால் கோர்ட்டு. இந்தச் செய்திகளை நான் ஈப்போவில் உட்கார்ந்து படித்தபோது சந்தோஷப்பட்டேன். நம் ஜனங்களும் திருந்துகிறார்கள் என்று கணவரிடம் சொன்னேன். அந்தச் சட்டம் தவறு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். மலாயாவில் அதே மாதிரியான சட்டம்தான் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது.

ஆனால் பட்டணத்தில் மாறிய மனம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. சட்டம் மட்டும் வந்து சேர்ந்தது, ஒரு சைக்கிளில்.

சுகாதார இன்ஸ்பெக்டருக்கு நோய் எந்த வீட்டில் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. வாசலில்தான் கொத்து இருக்கிறதே. டிரங்க் ரோட்டிலிருந்து திரும்பி, தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, கொத்து செருகிய வாசல்களில் நின்றார். நோயாளியை வண்டியில் ஏற்றினார், பாயைக் கொளுத்தினார், கேஸ் எழுதினார். தெரு அவருக்கு 'வேப்பிலைப் போலீசு' என்று பெயர் வைத்தது. ஆத்தாவை வீட்டைவிட்டுத் துரத்துகிறவன் என்று பெண்கள் முகத்துக்கு நேரே சபித்தார்கள். யாரும் சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் போடவில்லை, மனு எழுதவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தார்கள். கொத்தை வாசலிலிருந்து எடுத்து, நோயாளியின் பாய்க்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

இதை நான் அறிந்திருக்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு, சட்டம் வந்ததுதான் செய்தியாக வருகிறது. சட்டம் வந்த பிறகு தெரு என்ன செய்தது என்பதை யாரும் அச்சடிப்பதில்லை.

3

இங்கே எங்கள் வாழ்க்கை ஒரே மாதிரியானது. காலையில் சைரன் ஊதும், சுரங்கத்துக்குப் போகிற சீனப் பெண்கள் கறுப்புச் சட்டையும் ஓலைத் தொப்பியுமாக வரிசையாகப் போவார்கள். கணவர் ஸ்டேஷனுக்குப் போவார், நான் பள்ளிக்கு. பையன் பாலு இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறான். சோறு வேண்டாம் என்பதற்கு 'தா மாவ்' என்கிறான். கரையான்சாவடியை 'உங்க கம்போங்', அதாவது உங்கள் கிராமம், என்கிறான். 'உங்க' என்கிறானே என்று முதலில் அடித்துத் திருத்தினேன். இப்போது விட்டுவிட்டேன். அவனாவது இந்த ஊர்க்காரனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சரசுவும் அப்படித்தான் பேசுவாள். ஊரில் அவளை எல்லாரும் கேலி செய்வார்களே என்று எனக்குக் கவலை. எங்கள் குடும்பத்தில் பதினாறு வயதுவரை பெண்ணை வீட்டில் வைத்திருந்தது பால்ய விவாகத் தடைச் சட்டத்துக்குப் பயந்து அல்ல. இங்கே எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் மாப்பிள்ளை அமையவில்லை. கணவரின் அண்ணன், எங்கள் வீட்டு மூத்தார், பட்டாபிராமில் ஒரு நல்ல இடம் பார்த்திருந்தார். பையனுக்கு ரயில்வேயில் வேலை. வைகாசியில் முகூர்த்தம். பெண் முன்னாலேயே வந்து பெரியப்பா பெரியம்மாவோடு பழகட்டும் என்றார்கள். ஊருக்குத் திரும்புகிற தெரிந்த குடும்பத்தோடு மாசியில் அனுப்பினோம். நாங்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு போவதாக ஏற்பாடு.

பினாங்குத் துறைமுகத்தில் அவளுக்கு நான் சொன்ன புத்திமதிகள் பல. தனியாக ரோட்டுக்குப் போகாதே, பெரியவர்கள் முன்னால் காலை நீட்டாதே, யாரும் சிரித்தால் நீயும் சிரித்துவிடு. இவற்றோடு, "அது வெயில் காலம், வேப்பிலை செருகின வீட்டுக்குள்ள மட்டும் நுழையாதே" என்றும் சொன்னேன். அவளுக்கு அந்த வழக்கமே தெரியாது. எங்கே செருகியிருக்கும் என்று கேட்டாள். வாசலில் நிற்கும்போது தலைக்கு மேலே, நிலையில் பார் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

போன பிறகு அவள் எழுதிய கடிதங்களைப் படித்து நாங்கள் சிரித்தோம். "அம்மா, நான் இங்க நல்லா கீறேன். பெரியம்மா சந்தைக்குப் போயிகினு இருக்கு" என்று எழுதியிருந்தாள். ஒரு மாதத்தில் ஊர் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. இலக்கணம் சொல்லிக்கொடுத்த தாய்க்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கோபமும் அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் இருந்தது.

பிறகு தந்தி வந்தது.

4

லீவுக்கு எழுதி, அது பள்ளி இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து திரும்பி வந்து, கப்பலில் இடம் கிடைத்து, நான் கரையான்சாவடி போய்ச் சேர்ந்தபோது சரசுவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் கல்யாணத்துக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு அப்படியே தொங்கியது. அதற்குப் பக்கத்திலேயே, மூத்தார் தம் கையால் செருகிய வேப்பிலைக் கொத்தின் காம்புகள். இரண்டையும் எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே போனேன். சரசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினாள். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"அம்மாவா?" என்றாள். பிறகு, "நீ சொன்னத நான் மறக்கலம்மா. பாத்துட்டுத்தான் போனேன்" என்றாள்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. மூத்தார்தான் சொன்னார். மூன்றாவது வீட்டு முனியம்மாவின் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. சரசு தாம்பூலத் தட்டோடு கல்யாணத்துக்கு அழைக்க அங்கே போனாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு பதின்மூன்று நாள் கழித்து இவளுக்குக் காய்ச்சல். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. வாசலில் கொத்து இருக்கவில்லை. நோயை மறைத்ததற்காக முனியம்மா மேல் கேஸ் எழுதியிருக்கிறார்கள்.

ஆறின மனதோடு நான் இதை எழுதவில்லை. அன்றைக்கு ஆறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. செருப்பைக்கூடப் போடாமல் நேராக முனியம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏன்டி, உள்ளே பிள்ளை முத்துப் போட்டுக் கிடக்குது. வாசல்ல ஒரு கொத்து இலை வைக்க உனக்கு மனசு வரலியா?"

"வருவேன்னு தெரியும் வாத்தியாரம்மா. நீ வந்து எறங்குன சேதி கேட்டதுலேந்து இங்கதான் குந்திகினு கீறேன்."

"பதில் சொல்லு."

"நானு வெச்சேன்."

"பொய் சொல்லாதே."

"ஆத்தா மேல சத்தியம். போலீசாவது ஒண்ணாவதுன்னு கை நெறய ஒடிச்சாந்து வெச்சேன். உங்க ஊட்டு அக்காதான் வந்து எடுன்னு சொல்லிச்சு."

நான் திரும்பினேன். மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி கன்னியம்மா, என் பின்னாலேயே வந்து தெருவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மறுக்கவில்லை.

"ஆமா, சொன்னேன். இன்னா பண்ணச் சொல்றே?" என்று குரலை உயர்த்தினாள். "பந்தக்கால் நட்டாச்சு. கொத்தப் பாத்தா அந்த வேப்பிலைப் போலீசு சைக்கிள உருட்டிகினு வந்துடுவான். தெருவையே அடைச்சுப்புடுவான். அப்பறம் பட்டாபிராம்காரங்க இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாங்களா? சட்டம் சட்டம்னு நீ அங்கேந்து எழுதறே. அந்தச் சட்டம் ஊட்டுக்கு எதிர்க்க வந்து நின்னா இன்னா பண்ணுவேன்னு நீ சொல்லு, பாக்கலாம்."

"எடுக்கச் சொன்னே, சரி. அந்த வீட்டுக்குப் போகாதேன்னு சரசுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

கன்னியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "பொண்ணு பயந்துக்கும்னு சொல்லல. முனியம்மா ஊட்ட வுட்டுட்டுத்தான் எல்லா ஊட்டுக்கும் தாம்பூலம் வெச்சுகினு வந்தோம். அது கவனிச்சுடுச்சு. 'இன்னா பெரியம்மா, முனியம்மா அக்கா ஊட்ட மறந்துட்டியே, மனசு கஷ்டப்படாதா'ன்னு சொல்லிச்சு. நான் புழக்கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள தட்டத் தூக்கிகினு அதுவா பூடுச்சு."

முனியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வாசல்ல நின்னு மேல பாத்துச்சு வாத்தியாரம்மா. எதுக்குப் பாக்குதுன்னு அப்ப எனக்குத் தெரியல. உள்ள வராதே கண்ணுன்னு சொல்ல நெனச்சேன். சொன்னா ஏன்னு கேக்குமே. புள்ள இருட்டுல போத்திகினு கெடந்தான். ரா பகலா அழுதுகினு இருந்தவன். அது மடில எடுத்து வெச்சதும் அழுவறத நிறுத்திட்டான். எனக்கு ரெண்டு நாளா தூக்கமில்ல. கொஞ்ச நேரம் வெச்சிகினு இருக்கட்டும்னு நெனச்சுட்டேன்."

யாரை ஏசுவதென்று எனக்குத் தெரியவில்லை. சரசுவின் கல்யாணம் நிற்கக் கூடாது என்று சரசுவின் பெரியம்மா எடுக்கச் சொன்ன இலை. சரசுவின் கல்யாணத்துக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று முனியம்மா எடுத்த இலை. அக்கம்பக்கத்தாரின் மனம் நோகக் கூடாது என்று நினைத்த என் பெண், தாய் சொன்னபடி நிலையைப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

5

கேசுக்குச் சாட்சி வேண்டும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நான் எதிர்பார்த்ததுபோல் அவர் முரடராக இல்லை. நல்ல படிப்பும் அலுப்பும் தெரிகிற முகம்.

"உங்க பொண்ணு பூந்தமல்லி கோர்ட்டுக்கு வந்து, வாசல்லே வேப்பிலை இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. மறைச்சாங்கன்னு ஆயிடும்" என்றார்.

"இருந்ததை எடுக்கச் சொன்னது எங்க வீட்டார். கேஸ் போடறதானா எங்க மேலேயும் சேர்த்துப் போடுங்க" என்றேன்.

அவர் சைக்கிளைத் தோரணம் கட்டிய பந்தக்காலில் சாய்த்தார். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் பேசினார்.

"நான் இந்தச் சரகத்துக்கு வந்த புதுசுல, கொத்து தெரிஞ்ச வாசல்ல எல்லாம் எழுதினேன். அடுத்த வெயில் காலத்துல தெருத்தெருவாச் சுத்தினேன், ஒரு கொத்து இல்லை. நோய் குறைஞ்சுபோச்சுன்னு மேலே எழுதினேன். நல்ல வேலை செஞ்சிருக்கேன்னு பதில் வந்தது."

"இப்ப என்ன எழுதுவீங்க?"

"அதைத்தான் யோசிக்கிறேன்."

அவர் சரசுவைப் பார்க்க விரும்பவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் போனார். முனியம்மாவின் கேஸ் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கூப்பிடாமலே நின்றுவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். இனிப் பார்வை வராது என்றார்கள். குழந்தையில் ஒருமுறை குத்தியது இத்தனை வருஷம் தாங்காது, மறுபடி குத்தியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். எந்தச் சட்டமும் எங்களை அதற்குக் கூப்பிடவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பட்டாபிராமிலிருந்து யாரும் வரவில்லை. ஆவணியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

6

லீவு முடிந்தது. என்னோடு வந்துவிடு என்று சரசுவை எத்தனையோ விதமாகக் கேட்டேன். கெஞ்சினேன், அதட்டினேன்.

"ஈப்போ எனக்குக் கண்ணால தெரிஞ்ச ஊரும்மா. அது அப்படியே இருக்கட்டும். இங்க நான் ரொம்ப நாள் பாக்கல. இந்த ஊரத் தடவிக் கத்துக்கறேன்" என்றாள். பெரியம்மாவுக்கும் தன்னைவிட்டால் ஆளில்லை என்றாள். கன்னியம்மா அவளுக்கு ஊட்டிவிடுகிறாள், தலை வாருகிறாள், குழந்தையைப்போல் தூக்கிவைத்துக்கொள்கிறாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை அடியோடு விட்டுவிட்டாள்.

தனியாகத் திரும்பினேன். பினாங்குக்கு எதிரே, கப்பலில் வருகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று சோதிக்கிற தீவில் எங்களை இறக்கி, டெக் பிரயாணிகள் எல்லாரையும் ஒரு கொட்டகையில் உட்காரவைத்தார்கள். தாங்கள் இருந்த வீட்டிலோ பக்கத்திலோ அம்மை கண்டதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் "இல்லீங்க, இல்லீங்க" என்று தலையாட்டிக்கொண்டே போனார்கள். சிலருடைய முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மங்காமல் இருந்தது. என் முறை வந்தது. கண்டது என்றேன். எந்த ஊர், எப்போது, யாருக்கு என்று கேட்டு எழுதினார்கள். என்னோடு வந்த கூட்டம் முழுவதையும் மேற்கொண்டு நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் கொட்டகையில் என்னோடு யாரும் பேசவில்லை. வேலூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் மட்டும் என் முகத்துக்கு நேரே கேட்டார். "ஏம்மா, படிச்ச பொம்பளையாத் தெரியறே. என் மவன் தோட்டத்துல காத்துகினு கீறான். நாளுக்குப் போய்ச் சேரலன்னா கங்காணி வேற ஆள வெச்சுக்குவான். இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் அழுகியா பூடும்?"

நான் சொன்னது சரிதான். அவர் கேட்டதும் சரிதான். உண்மை சொன்னவளை அந்தக் கொட்டகை பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், முனியம்மா கையில் கொத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்ற நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மறைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. சொல்கிறவள்தான் எல்லாவற்றையும் இழக்க வேண்டும். இப்படி ஏற்பாடு செய்துவிட்டு, ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்கிறோம்.

7

போன வாரம் மூத்தார் எழுதியிருந்தார். இப்போது ஊரில் வேப்பிலை செருகிய வீட்டின் மேல் கேஸ் எழுத வேண்டாம் என்று உத்தரவாகியிருக்கிறதாம். கொத்தை வைத்தாலே தகவல் சொன்னதாக வைத்துக்கொள்கிறார்களாம். தனியாகப் படுக்க இடம் இருந்தால் நோயாளியைக் கொட்டகைக்குக் கொண்டுபோவதில்லை. அதே இன்ஸ்பெக்டர், கொத்து வைக்க மறந்த வீட்டுக்குத் தாமே வேப்பமரத்தில் கிளையை ஒடித்துக் கொண்டுவந்து செருகுகிறாராம். வேப்பிலைப் போலீசு இப்போது பூசாரி ஆகிவிட்டான் என்று தெரு சிரிக்கிறதாம். இன்னொன்றும் எழுதியிருந்தார். இந்த வருஷம் அம்மை குத்த வந்தபோது எங்கள் தெருவில் யாரும் ஒளியவில்லை. முதலில் கையை நீட்டியவள் முனியம்மா.

பட்டணத்தின் மனம் மாறி அது சட்டமானது. உத்தரவு மாறி, பிறகு தெருவின் மனம் மாறியது. இரண்டுக்கும் நடுவில் சில வருஷங்கள் போயின. அந்த வருஷங்களில் எங்கள் சரகத்தில் எத்தனை வீடுகளில் பாய்க்கு அடியில் வேப்பிலை கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று கணவர் சொல்கிறார். அந்தக் கடிதத்தை நான் இன்னொருமுறை படிக்கவில்லை. ஒரு சித்திரை முன்னால் வந்திருக்கக் கூடாதா என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே ஓடவில்லை.

புறப்படும் முன் ஒரு நாள், சொல்லிக்கொள்வதற்காக நானும் சரசுவும் தெருவில் வீடு வீடாகப் போனோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் என்னை ஒரு நிமிஷம் நிறுத்தினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, நிலையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்லத் தடவிப் பார்த்தாள். பினாங்கில் நான் கையைத் தூக்கிக் காட்டிய அதே இடம். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, "வாம்மா, போலாம்" என்று எனக்கு முன்னால் படியேறினாள். முனியம்மா வீட்டிலும் அப்படியே செய்தாள். முனியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் செய்கிறாளாம்.

அம்மை ஒருமுறை கண்டவர்களுக்கு மறுபடி வராது. இனி எந்த வாசலிலும் வேப்பிலைக்குப் பயப்படத் தேவையில்லாதவள் அவள்.